மடிக்கணினியும் அதன் களஞ்சியமும்

திருக்கேதீஸ்வரத்துப் பாலாவிக் கரையில் நின்று நோக்குவோர்க்கு இன்று தென்படுவன கோயிலும் தீர்த்தமும் வயலும் பற்றையுமே. ஆயினும் அம்மண்ணின் கீழே மாந்தை என்னும் பழந்துறைமுகம் புதைந்து கிடக்கின்றது. கிழக்கிலிருந்து வந்த சரக்கும் மேற்கிலிருந்து வந்த சரக்கும் இவ்விடத்தே கப்பல் மாறின. 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் முதலிய தொல்லியலாளர் இங்கு அகழ்ந்தபோது சீனத்துப் பீங்கானும் மேற்காசியாவின் மெருகிட்ட மட்கலங்களும் வெளிப்பட்டன. பின்னர் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் நடந்த அகழ்வில் எடுத்த மண்ணைச் சலித்துப் பார்த்தபோது, கருகிய நெல்லோடு சில மிளகு மணிகளும் ஒரேயொரு கிராம்பும் அகப்பட்டன. கிராம்பு அக்காலத்தில் விளைந்த இடமோ இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். அத்துணைத் தொலைவு கடந்து வந்த பொருள் அது.

மரக்கலத்தின் வயிறு அளவுடையது. அதில் எதை ஏற்றுவது, எதைக் கரையில் விட்டுச் செல்வது என்று எண்ணாத வணிகன் இருந்திரான். இடத்தை நிரப்பும் பொருள் வேறு. விலை பெறும் பொருள் வேறு. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு, இன்று எம்மூர்க் குடும்பங்கள் பலவற்றிலும் எழும் ஒரு கேள்வியை ஆராய்வோம். மெல்லிய மடிக்கணினி ஒன்று வாங்கப் போகின்றோம். அதன் களஞ்சியம், அதாவது சேமிப்பகம், எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும்?

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவந்து, பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கும் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் புறப்படும் காலத்தில் இக்கேள்வி ஆசிரியர்களைத் தேடி வரும். "சேர், பிள்ளை ஆயிரம் வேணும் எண்டு நிக்குது; கடைக்காரத் தம்பி 256 காணும் எண்டு சொல்லுறார்; நாங்கள் ஆற்ற சொல்லைக் கேக்கிறது?" என்று ஒரு தாயார் என்னிடம் வினவினார். நகைப்புக்குரிய வினா அன்று. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. அதன்பின் மடிக்கணினி என்பது பல வீடுகளில் ஒரு போகத்து நெல்லின் வருவாயை விழுங்கும் பொருளாயிற்று. 2025 ஆம் ஆண்டின் இறுதி முதல், செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிச் செல்வதால் அச்சில்லுகளின் விலையும் உலகெங்கும் உயர்ந்தது. ஆகவே 256 என்ற எண்ணுக்கும் 512 என்ற எண்ணுக்கும் இடையில் நிற்பது ஒரு குடும்பத்தின் உழைப்பு.

எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதை முதலில் தெளிதல் நன்று. 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதலாவது வன்தட்டுக் களஞ்சியத்தை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் அந்தப் பொறி, ஏறத்தாழ ஒரு தொன் நிறையுடையது. அதிற் கொள்ளத்தக்கவை 50 இலட்சம் எழுத்துக்கள் மாத்திரமே. இன்று கைத்தொலைபேசியில் நாம் எடுக்கும் ஒரேயொரு புகைப்படம் அந்தப் பொறியின் பெரும்பகுதியை நிரப்பிவிடும்! அது சுழலும் தட்டில் காந்தத்தால் எழுதிய காலம். 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோகா என்பவர், சிலிக்கன் சில்லின் நுண்ணறைகளில் மின்னணுக்களைச் சிறைப்படுத்தி எழுதும் முறையொன்றை வகுத்தார். சுழலும் உறுப்பு இல்லை, ஓசை இல்லை, அதிர்ச்சிக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. எஸ்.எஸ்.டி. என்று கடைகளிற் சொல்லப்படுவது இம்முறையில் அமைந்த களஞ்சியமே.

மெல்லிய மடிக்கணினி பிறந்த கதையும் இதனோடு பிணைந்தது. 2008 ஆம் ஆண்டு சனவரியில் அப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ், கடித உறை ஒன்றினுள்ளிருந்து மக்புக் எயர் என்னும் கணினியை உருவியெடுத்துச் சபையோரை வியப்பில் ஆழ்த்தினார். அதன் நிறை 1.36 கிலோகிராம். வழக்கமான விலைக்கு 80 கிகாபைற் வன்தட்டுக் கிடைத்தது. சில்லுக் களஞ்சியம் வேண்டுவோர் ஏறத்தாழ ஆயிரம் டொலர் மேலதிகமாகக் கொடுத்து 64 கிகாபைற் பெற்றனர். இடம் குறைவு, விலை மிகுதி! 2010 இல் வந்த அடுத்த வடிவத்தில் வன்தட்டு முற்றாக ஒழிந்தது. அதனாலேயே உடல் மெலிந்தது. 2018 முதல் அவ்வரிசையின் களஞ்சியச் சில்லுகள் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டன. அதாவது, வாங்கும் நாளில் எந்த அளவைத் தெரிவு செய்தோமோ, அந்த அளவே அக்கணினியின் ஆயுள் முடியும் வரை.

இக்கேள்வி இவ்வளவு பாரமாய் இருப்பதற்குக் காரணம் இதுவே. பழைய தடித்த மடிக்கணினியில் இடம் போதாவிட்டால், நகரத்துத் திருத்துநரிடம் கொடுத்துப் புதிய தட்டை மாட்டிக்கொள்ளலாம். மெல்லியவற்றிற் சில இன்னும் அந்த வசதியை வைத்திருக்கின்றன. விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில், கீழ்மூடியைக் கழற்றினால் எம்.2 எனப்படும் சிறு பொருந்திடத்தில் விரலளவான எஸ்.எஸ்.டி. ஒன்று ஒற்றைத் திருகாணியால் நிறுத்தப்பட்டிருப்பதைக் காணலாம். கடையில் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை கிகாபைற்?" என்பதன்று, "இதைப் பின்னர் மாற்றலாமா?" என்பதே. மாற்றலாம் என்றால், இன்று சிறிய அளவை வாங்கிப் பிள்ளை உழைக்கத் தொடங்கியபின் பெருக்கிக் கொள்ளலாம். மாற்ற முடியாது என்றால் மாத்திரம் எதிர்காலத்தையும் சேர்த்து எண்ணி வாங்க வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பெட்டியின்மேல் 256 என்று அச்சிட்டிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் விண்டோஸ் 238 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சினந்து திரும்பிப் போனோரையும் நான் அறிவேன். ஏமாற்று எதுவும் இல்லை. செய்தவர் கிகாபைற் என்பதை நூறு கோடி பைற்று என்று எண்ணுகின்றார். விண்டோஸோ 107 கோடியே 37 இலட்சத்துச் சொச்சம் என்று எண்ணுகின்றது. அளக்கும் மரைக்கால் வேறு, நெல் ஒன்றே. இவ்வாறே 512 என்பது 476 ஆகவும், ஆயிரம் என்பது 931 ஆகவும் தோன்றும்.

அந்த 238 இல், இயங்குதளமும் அதன் மீட்புப் பகுதியும் அலுவலக மென்பொருள்களும் 50 அளவைக் கொள்ளும் என்று வைத்துக் கொள்ளலாம். எஞ்சியதையும் விளிம்புவரை நிரப்புதல் தகாது. அதன் காரணத்தைக் கரும்பலகை ஒன்றைக் கொண்டு என் மாணவர்க்கு விளக்குவது வழக்கம். சில்லுக் களஞ்சியம் ஒரு விந்தையான கரும்பலகை. அதில் வரிவரியாக எழுதலாம். ஆனால் ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாது. அழிப்பதானால் பலகை முழுவதையும் அழிக்க வேண்டும். ஆகவே வேண்டிய வரிகளை வேறொரு வெற்றுப் பலகைக்குப் பெயர்த்தெழுதிய பின்னரே பழையதைத் துடைக்க இயலும். வெற்றுப் பலகைகள் கைவசம் இருக்கும் வரை வேலை விரைவாக நடக்கும். அவை அருகிவிட்டால் எழுதுவதற்குச் செல்லும் நேரத்திலும் பெயர்ப்பதற்குச் செல்லும் நேரம் மிகுந்துவிடும். பலகையும் விரைவில் தேயும். கணினி "இழுக்கிறது" என்று பிள்ளைகள் முறையிடும்போது, பல வேளைகளில் நடப்பது இதுதான். நூற்றுக்குப் 15 பங்கேனும் வெறுமையாக விடுதல் நலம். அவ்வாறு விட்டால், 256 என்று வாங்கியதில் நமக்கு உண்மையாகக் கிடைப்பது 150 அளவே.

அளவு சிறுத்தால் வேகமும் குறையக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2022 இல் வந்த மக்புக் எயரின் 256 கிகாபைற் வடிவத்தில் இரு சில்லுகளுக்குப் பதிலாக ஒன்றே வைக்கப்பட்டது. இரு வாயில்களால் நடந்த போக்குவரத்து ஒரு வாயிலுக்குச் சுருங்கவே, படிக்கும் வேகம் முந்திய வடிவத்தின் பாதியளவுக்கு இறங்கிற்று. 2024 இன் வடிவத்தில் மீண்டும் இரண்டு வைத்தனர். மலிவான மடிக்கணினிகள் சிலவற்றில் எஸ்.எஸ்.டி.க்குப் பதிலாக இ.எம்.எம்.சி. என்னும் தாழ்ந்த வகைச் சில்லு 64 அல்லது 128 அளவில் வரும். விண்டோஸ் 11 இயங்குதளத்திற்குக் குறைந்தது 64 வேண்டும் என்பது அதனைச் செய்த நிறுவனமே விதித்த அளவு. இருப்பதும் அதுவேயானால், இரண்டொரு ஆண்டில் இயங்குதளம் புதுப்பிக்கவும் இடமின்றித் திண்டாட நேரும். விலை எவ்வளவு தாழ்ந்தாலும் அத்தகைய 64 கிகாபைற் கணினியை நான்காண்டுப் படிப்புக்கு வாங்க வேண்டாம் என்பதே என் துணிபு.

அப்படியாயின் 150 கிகாபைற் ஒரு மாணாக்கனுக்குப் போதுமா? தமிழ் எழுத்து இடம் கொள்ளும் என்பார்கள். அது மெய்யே. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைற்று போதும். யூனிகோடு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் பொதுவாக மூன்று பைற்று செல்லும். உயிர்மெய்யெழுத்தில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று எனக் குறியீடு இரண்டாகும். "திருக்கேதீஸ்வரம்" என்று எழுதினால் 16 குறியீடு, 48 பைற்று. இருந்தும் என்ன? திருக்குறளின் 1330 குறளும் அரை மெகாபைற்றினுள் அடங்கும்; 256 கிகாபைற்றில் அந்நூலை ஐந்து இலட்சம் முறை எழுதி வைக்கலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடநூல்கள், கடந்த கால வினாத்தாள்கள், விரிவுரைக் குறிப்புகள் எல்லாம் சேர்ந்து ஓராயிரம் கோப்பு என்றும், கோப்பொன்று பத்து மெகாபைற் என்றும் கொண்டாலும் பத்துக் கிகாபைற்றைத் தாண்டா. படிப்பு இடத்தைத் தின்பதில்லை.

தின்பது அசையும் படம். கைத்தொலைபேசியில் சாதாரண உயர்தரத்தில் ஒரு நிமிடம் எடுத்தால் 60 முதல் 130 மெகாபைற். நான்கு-கே எனப்படும் நுண்தரத்திலாயின் 170 முதல் 350 வரை. உறவினர் வீட்டுப் பூப்புனித நீராட்டு விழாவை ஒருமணி நேரம் நுண்தரத்திற் பிடித்தால் பத்து முதல் இருபது கிகாபைற் போய்விடும். திருமணப் படப்பிடிப்பாளரின் கருவியில் ஒருமணி நேரத்துக்கு 45 கிகாபைற் வரை செல்வதுண்டு. இதற்கு மாறாக, பத்தாயிரம் புகைப்படம் சேர்ந்தாலும் 40 கிகாபைற் அளவே. கணினி விளையாட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. ஒரு விளையாட்டே நூறு கிகாபைற்றைக் கேட்கும் என்பதைத் தந்தைமார் அறிந்திருத்தல் போதும். ஆயிரம் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கும்போது எதற்கு என்று ஒரு சொல் கேட்கலாம்.

ஆகவே என் மதிப்பீடு இது. கலை, வர்த்தகம், சட்டம் முதலிய துறைகளிற் படிக்கும் மாணாக்கன், தானொருவனே பயன்படுத்துவதாயின் 256 போதும். பொறியியல், கணினியியல் படிப்போர்க்கும், ஒரே மடிக்கணினியைக் குடும்பத்தார் நால்வர் பங்கிட்டுக் கொள்ளும் வீட்டுக்கும், பின்னர் மாற்ற முடியாத வகையை வாங்குவோர்க்கும் 512 தகும். கட்டடக்கலை, படத்தொகுப்பு ஆகியவற்றைத் தொழிலாகக் கொள்வோர் ஆயிரத்துக்குச் செல்லட்டும். அவர்களுக்கு அது முதலீடு. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. கையிலுள்ள மேலதிகப் பணம் களஞ்சியத்துக்கோ றாம் எனப்படும் செயல்நினைவகத்துக்கோ ஒன்றுக்குத்தான் போதும் என்றால், நினைவகத்துக்கே கொடுக்க வேண்டும். எட்டு என்பதை 16 ஆக்குக. களஞ்சியம் நிறைந்தால் வெளியே ஒரு வன்தட்டை வாங்கி இணைக்கலாம். நினைவகத்தை அவ்வாறு கம்பியால் இணைக்க வழியில்லை. மெல்லிய கணினிகள் மிகப் பலவற்றில் அதுவும் பற்றவைக்கப்பட்டதே.

"மேகத்தில் வைக்கலாமே" என்று இளைஞர் கூறுவர். நல்லது. கூகிள் நிறுவனம் 15 கிகாபைற்றை இலவசமாகத் தருகின்றது. அப்பிள் தருவது ஐந்து. கூகிள் தன் புகைப்படக் களஞ்சியத்தில் அளவின்றிச் சேர்க்கலாம் என்று அளித்திருந்த சலுகையை 2021 யூன் முதலாந் திகதியோடு நிறுத்திவிட்டது. இலவசமாக வந்த விருந்து என்றாவது முடிவதுதானே! இடம் வேண்டுமானால் மாதந்தோறும் வாடகை, இணைப்பும் வேண்டும். மன்னார்ப் பெருநிலப்பரப்பின் உட்கிராமங்களில் இணையம் நத்தை வேகத்தில் ஊரும் மாலைகளை அறிந்தோர், தம் உடைமை முழுவதையும் அங்கே ஏற்றத் துணியார்.

இவ்வளவும் அளவைப் பற்றியது. இனிச் சொல்லப் போவதே பெரிது.

1990 ஆம் ஆண்டில் மன்னார் மாவட்டத்திலிருந்து தமிழரும் முஸ்லிம்களுமான பல்லாயிரக் கணக்கானோர் பெயர்ந்து சென்றனர். சிலர் வள்ளங்களிற் கடல் கடந்து இராமேஸ்வரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும் போயினர். சிலர் தரைவழியே புத்தளம் போயினர். திருக்கேதீஸ்வரத்துச் சூழலும் நெடுங்காலம் மக்கள் வழங்காத இடமாயிற்று. அவர்கள் எடுத்துச் செல்லக் கூடியது கையளவு. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், திருமணப் படம் ஆகியவற்றை விட்டுப்போனோர், திரும்பி வந்தபின் அலுவலகம் அலுவலகமாக ஏறியிறங்கியதை இப்பகுதியார் அனைவரும் அறிவர். தாத்தாவின் முகத்தைக் காட்ட ஒரு படம் இல்லாத வீடுகள் இங்கே எத்தனையோ உள. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 யூன் முதலாந் திகதியின் அதிகாலைக்குள் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் ஓலைச்சுவடிகளும் வேறெங்கும் படியில்லாத நூல்களும் இருந்தன. ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கும் நூலகம் திட்டம் 2005 இல் தொடங்கியது. இன்று பல்லாயிரம் ஆவணங்களை எவரும் இலவசமாகப் படிக்க முடிகின்றது. ஒரே இடத்தில் ஒரே படியாக இருந்தது அழிந்தது. பல இடங்களிற் பல படியாக இருப்பது அவ்வளவு எளிதில் அழியாது.

இப்பொழுது அந்தக் கிராம்பை நினைவு கூர்க. காணி உறுதியை ஸ்கான் செய்தால் ஒரு பக்கம் இரண்டு மெகாபைற்றைத் தாண்டாது. குடும்பத்தின் உறுதிகள், சான்றிதழ்கள், வங்கிப் புத்தகப் பக்கங்கள், எஞ்சியிருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அனைத்தையும் சேர்த்தால் இரண்டொரு கிகாபைற்றுக்குள் அடங்கும். நாம் 512 வேண்டும், ஆயிரம் வேண்டும் என்று காசைக் கொட்டுவது பெரும்பாலும் சினிமாவுக்கும் விளையாட்டுக்கும் மீளப் பார்க்காத ஒளிப்பதிவுக்கும். இழந்தால் நெஞ்சு பதறும் பொருளோ ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். அதற்கு வேண்டியது பெரிய களஞ்சியமன்று, இரண்டாவது களஞ்சியம்.

சில்லுக் களஞ்சியத்தின் இயல்பு இதை இன்னும் அவசியமாக்குகின்றது. பழைய வன்தட்டு நோயுற்றால் முனகும், தட்தட்டென ஓசையிடும், படியெடுக்க நேரம் தரும். எஸ்.எஸ்.டி. பல வேளைகளில் ஒரு காலைப்பொழுதில் பேச்சின்றி அடங்கிவிடும். அழித்த கோப்பை மீட்பதும் அதிற் கடினம். இடம் வெறிதாயிற்று என்று இயங்குதளம் அறிவித்தவுடன் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு அதைத் துடைத்துவிடும். பற்றவைத்த வகையிலோ தாய்ப்பலகையில் நீர் புகுந்து பழுதானால், தகட்டைக் கழற்றி வேறு கணினியில் இட்டுப் பார்க்கும் வழியும் இல்லை. தேநீர்க் கோப்பை ஒன்று போதும். 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டின் பல மாவட்டங்களை வெள்ளத்தில் ஆழ்த்தியபின், வீட்டினுள் நீர் புகாத ஊரும் உண்டா என்று கேட்கும் நிலையில் இருக்கின்றோம்.

ஆகவே கடைக்குப் போகும்போது பணத்தை இரண்டாகப் பகுத்துக்கொள்க. 512 க்கென்று எடுத்துச் சென்ற தொகையில், பின்னர் மாற்றத்தக்க 256 ஐ வாங்கி, மீதியைக் கொண்டு வெளியே இணைக்கும் வன்தட்டு ஒன்றை வாங்கும் குடும்பம், என் கண்ணில் கெட்டிக்காரக் குடும்பம். அவ்வன்தட்டு சுழலும் பழைய வகையாக இருப்பதே நன்று. அலுமாரியில் வைத்து மறந்துவிடும் பொருளுக்கு எஸ்.எஸ்.டி. உகந்ததன்று. தேய்ந்த நிலையிலுள்ள எஸ்.எஸ்.டி. மின்னின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தாங்கினாற் போதும் என்பதே அத்தொழிலார் வகுத்த அளவு. எங்கள் பங்குனி, சித்திரை வெயிலில் அலுமாரியின் உள்ளே 30 பாகையா இருக்கப் போகின்றது? உப்புக்காற்றும் சேர்ந்த ஊர் இது. வன்தட்டைக் காற்றுப் புகாத பெட்டியில் இட்டு, மருந்துப் போத்தல்களோடு வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொதிகளில் இரண்டொன்றையும் உடன் வைக்கலாம்.

படிசெய்யும் வேலையை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். எல்லாரும் செய்வர் என்று விட்டால் ஒருவரும் செய்யார். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இதற்கு மிகப் பொருத்தம். அரைநாள் வேலை, அப்பம்மாவை அருகில் இருத்திப் பழைய படங்களில் நிற்போர் யார் யார் என்று கேட்டுக் கோப்பின் பெயராக எழுதச் சொல்லுங்கள். முகம் தெரிந்தவர் இருக்கும்போதே அது நடக்க வேண்டும். உறையின்மேல் படிசெய்த திகதியைப் பேனாவால் எழுதி ஒட்டுக. காணி உறுதியும் அடையாள அட்டைப் படியும் பிறர் கைக்குப் போகாதபடி தட்டுக்கு ஒரு கடவுச்சொல் இடுவதும், அக்கடவுச்சொல்லை வீட்டில் இருவரேனும் அறிந்திருப்பதும் நல்லது.

இரண்டாவது படி அதே வீட்டில் இருந்தால் வெள்ளமும் கள்வனும் இரண்டையும் சேர்த்தே கொண்டு போவர். வேறூரில் உள்ள உறவினர் வீட்டில் வைப்பதே முறை. மகா சிவராத்திரிக்குப் பாலாவித் தீர்த்தம் எடுத்து வழிபடக் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் உறவினர் எப்படியும் திருக்கேதீஸ்வரம் வருவர். சென்ற ஆண்டின் தட்டை அவர்கள் கொண்டுவர, இவ்வாண்டின் தட்டை நாம் கொடுத்தனுப்பலாம். பயணப் பையில் அது ஒரு பஞ்சாங்கத்தளவு இடமே பிடிக்கும்.